காலிதீன் கடையின் பச்சைப் படிக்கற்கள்

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் எழுத நினைத்தது புயலைப் பற்றி. எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் அடித்த புயலில் எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் பேனை பிடிக்கிற எல்லோருக்கும் ஒரு கதை கிடைத்துவிட்டது. எனக்கு மட்டும் கிடைக்காமல் போனது மனதுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இத்தனை வருடம் கழித்தாவது எழுதிவிடலாம் என்று ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, என் மனைவி றம்ஸியாவையும் கூட்டிக்கொண்டு, கல்முனைக்குடியில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். (றம்ஸியா இல்லாமல் போனால் பெண்கள் வாசலுக்கு வரமாட்டார்கள். வந்தாலும் "நல்லாத்தான் அடிச்சிச்சி தம்பி" என்பதோடு கதை முடிந்துவிடும்.)

ஹாஜறா ராத்தாவின் வீட்டில் என் புயல் ஓய்ந்தது. பஜாரில் சில்லறைக் கடை வைத்திருக்கும் காலிதீன் காக்காவின் மனைவி அவர். (எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன், ராத்தா என்றால் அக்கா.) கூரை பறந்த கதையைச் சொல்வார் என்று பேனையைத் திறந்தேன்.

"புயல உடுங்க தம்பி. அத எல்லாரும் எழுதிட்டாங்க. எங்கட ஊட்டுக்காரர்ட படிக்கல்லப் பத்தி எழுதுங்க."

"தராசுல வைக்கிற படிக்கல்லுல என்ன ராத்தா கதை இரிக்கப் போகுது?"

"கேளுங்க. கேட்டு முடிச்ச பொறகு இரிக்கா இல்லயா எண்டு நீங்க சொல்லுங்க."

கேட்டேன். வீட்டுக்கு வந்து புயல் கொப்பியை அலுமாரிக்கு மேலே எறிந்தேன். இனி வருவதில் கொஞ்சம் அவர் சொன்னது, கொஞ்சம் நான் பிறகு ஊரில் றஊப் என்பவனிடம் விசாரித்தது, அவர்கள் இருவருக்கும் தெரியாத இடங்களில் நான் இட்டுக்கட்டியது. எது எது என்று கேட்காதீர்கள்.

2

தொடக்கம் எழுதுவதுதான் எனக்கு வராத வேலை. பாருங்கள்.

முதல் தொடக்கம்: "ஆயிரம் வருடங்களுக்கு முன் ஓர் அரபுக் கப்பல் இந்தக் கரையில்—"

வெட்டிவிட்டேன். கப்பலில் ஏறினால் நான் இலேசில் இறங்க மாட்டேன். அதோடு, அப்படி ஒரு கப்பல் வந்ததற்கு என்னிடம் சாட்சியும் இல்லை.

இரண்டாவது: "காலிதீன் மிகவும் நேர்மையான வியாபாரி."

இதையும் வெட்டினேன். ஒருவரை இப்படி அறிமுகம் செய்தால் வாசிக்கிறவர் உடனே தன் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்.

மூன்றாவது: "புயல் ஓய்ந்த மறுநாள், வேரோடு சாய்ந்த தென்னையின் குழிக்குள் காலிதீன் எட்டிப் பார்த்தபோது—"

இது இருக்கட்டும். எட்டிப் பார்த்தபோது வேர்களுக்கிடையில் ஒரு பச்சைத் துண்டு மாட்டிக்கொண்டு கிடந்தது. முதலில் பாசி பிடித்த கல் என்றுதான் நினைத்தார். கையில் எடுத்ததும் கல்லை விடப் பாரமாக இருந்தது. பெருவிரல் நுனியளவு சதுரக்கட்டி. எட்டு மூலைகளையும் யாரோ சீவி எடுத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் சின்ன வட்டம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி. ஊரே கூரைத் தகரம் தேடி ஓடிக்கொண்டிருந்தபோது காலிதீன் அந்தத் துண்டை இடுப்புச் சாரத்தில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹாஜறா ராத்தாவுக்கு அது இன்றைக்கும் ஆத்திரம்.

"கூர இல்லாம நானும் புள்ளயும் நனையிறம். இவர் குழிக்குள்ள நிண்டு சிரிக்கார்."

3

இங்கே கதை சற்று நிற்கிறது. அவசரக்காரர்கள் நாலாம் பகுதிக்குப் போகலாம்; ஆனால் பிறகு வந்து "ஈயம் எங்கிருந்து வந்தது" என்று என்னிடம் கேட்கக்கூடாது.

ஒரு வெண்கலத் துண்டைப் பார்த்து இது பழைய படிக்கல் என்று எப்படிச் சொல்வது? காலிதீனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிழை விட்டு விட்டுப் படித்தார். அவர் தேடுகிறார் என்று தெரிந்ததும் ஊரார் கண்டதையெல்லாம் கொண்டுவந்தார்கள். குத்துவிளக்கின் கால், கதவுக் குமிழ், பம்பரத்தின் தலை, ஒருமுறை தோட்டாவின் அடிப்பாகம். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் வாங்கிக் கும்பிட்டு வைத்தார் என்று எழுதியிருந்தேன். றம்ஸியா வாசித்துவிட்டு, "கும்பிட்டு எண்டு எழுதாதீங்க, அவர் பள்ளிக்குத் தொழப் போற மனிசன்" என்றாள். வாங்கிப் பத்திரமாக வைத்தார்.

பிறகு அவருக்கே சில விதிகள் வந்தன. துளை இருந்தால் அது கோத்துப் போடுகிற சாமான், விடு. வளையம் இருந்தால் தொங்கவிடுகிறது, விடு. வைத்த இடத்தில் அசையாமல் இருக்கவேண்டும், ஏனென்றால் தராசுத் தட்டில் உருண்டு ஓடுகிற படியை எந்த வியாபாரியும் செய்யமாட்டான். வட்டமும் புள்ளியும் இருந்தால் நல்லது. அடிப்பக்கத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும். சிலவற்றின் அடியில் ஒரு சின்னக் குழி, அதற்குள் சாம்பல் நிறத்தில் ஈயம். செய்தவன் முதலில் கொஞ்சம் குறைவாக வார்த்திருக்கிறான். பிறகு குழி தோண்டி, ஈயம் ஊற்றி, நிறையைச் சரிபண்ணியிருக்கிறான். அந்த ஈயத்தைக் கண்ட நாளில் காலிதீன் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாராம்.

"இத வச்சிருந்தவன் இஞ்ச யாவாரம் செஞ்சிரிக்கான் ஹாஜறா. குறைச்சுக் குடுக்கல்ல."

கடைசி விதிதான் பெரியது. இந்தப் படிகள் எந்த அவுன்சுக்கும் ஒத்துவராது, ஆனால் ஒன்றோடு ஒன்று ஒத்துவரும். பெரியதை ஒரு தட்டில் வைத்து, அதற்கு அடுத்த அளவில் இரண்டை மறு தட்டில் வைத்தால் முள் நடுவில் நிற்கும். மித்கால், திர்ஹம் என்று மத்ரசாவில் ஸகாத் பாடத்தில் கேட்ட அரபு நிறைச் சொற்கள் அவருக்கு நினைவு வந்தன. அதுதான் இது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் மருதமுனையில் ஒரு தறிக்காரர் கயிற்றில் பாரத்துக்காகத் துணியில் பொதிந்து கட்டியிருந்த ஒன்றுக்காக, வந்து நின்ற சீனிச் சாக்குகளையும் இறக்காமல் கடையைப் போட்டுவிட்டுச் சைக்கிளில் போனவர் அவர். அந்தப் படியோடுதான் வரிசை நிறைந்தது. அந்த வரிசையைக் கடை மேசைக்குக் கீழே, பலகைத் தட்டில் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி வைத்திருந்தார்.

4

அது இறாத்தல் போய்க் கிலோ வந்த காலம். பழைய படிகளைக் கொடுத்துவிட்டு முத்திரை குத்திய புதுப் படிகளை வாங்கவேண்டும். சனத்துக்குத் தலை சுற்றியது. நேற்று வாங்கிய பொதிக்கும் இன்று வாங்குகிற பொதிக்கும் அளவு வேறு, விலை வேறு. பஜாரில் ஒவ்வொருவரும் தன்னை யாரோ ஏமாற்றுகிறான் என்று நினைத்தார்; யார் என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து றஊப் சீனி வாங்க வந்தான்.

றஊபை நான் முதலில் வில்லனாக்கினேன். பக்கத்துக் கடைக்காரன், பொறாமை பிடித்தவன், மீசையைத் தடவுகிறவன். ஒட்டவில்லை. பிறகு அவனையே போய்ப் பார்த்தேன். மீசையே கிடையாது. வயல்வட்டையில் நெல் செய்கிற சாதாரண மனிதன். அன்று கீழே விழுந்த சில்லறையை எடுக்கக் குனிந்தவன், மேசைக்குக் கீழே ஒரு வரிசைப் படிகளைக் கண்டான். முத்திரை இல்லை. ஒன்றும் அவன் அறிந்த வடிவத்தில் இல்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான், அவ்வளவுதான்.

"நான் பொய் சொல்லல்ல சேர். கண்டதத்தான் சொன்னன். கள்ளப்படி எண்டு நான் சொல்லல்ல. அது பொறகு சேந்தது."

அது பிறகு சேர்ந்தது. இரண்டு நாளில் பஜார் முழுக்க "காலிதீன் காக்காட கடையில கள்ளப்படி" என்றாகிவிட்டது. வேறு ஊரில் இதைச் சிரித்துத் தள்ளலாம். எங்கள் ஊர்கள் வியாபாரத்தில் நிற்பவை. நிறுவையில் மோசம் செய்கிறவனுக்குக் கேடு என்று வேதத்தில் ஓதிக் கேட்டு வளர்ந்தவர்களிடம், ஒருவனைக் கள்ளப்படிக்காரன் என்பதை விடப் பெரிய ஏச்சு இல்லை. காலிதீனின் கடைக்கு வந்தவர்கள் பொதியைக் கையில் ஏந்தி ஏந்திப் பார்த்தார்கள். சிலர் அடுத்த கடைக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தார்கள்.

பள்ளிவாசல் நிருவாகத்திலிருந்து அப்துல் ஸமட் மரைக்காயர் வந்தார். காலிதீனின் தாய்வழிக் குடிக்கு அவர்தான் மரைக்காயர். நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்பவர்.

"காலிதீன், அந்தச் சாமான என்னட்டத் தா. நான் கொண்டுபோய் உருக்கக் குடுக்கன். விசாரண கிசாரண ஒண்டும் தேவல்ல. கத முடிஞ்சிரும்."

"இது கள்ளப்படி இல்ல மரைக்கார்."

"அது எனக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாதே."

"அப்ப ஊருக்குக் காட்டுவம். விசாரணய வைங்க. நான் நிறுத்துக் காட்டுறன்."

"நிறை பிழைச்சா? ஜும்ஆவுக்குப் பொறகு எழும்பி நிண்டு மன்னிப்புக் கேக்க வேண்டி வரும். சாமானும் போகும், பேரும் போகும்."

"பிழைக்காது" என்றார் காலிதீன்.

எனக்கு இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் தயங்க வைக்க ஆசை. நல்ல கதைகளில் தயங்குவார்கள். ஆனால் அவர் தயங்கவில்லை. வரிசையை எத்தனையோ தடவை நிறுத்துப் பார்த்தவர் அவர். முள் ஒருநாளும் அவரைக் கைவிட்டதில்லை.

5

விசாரணை அடுத்த நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. காலிதீன் படிகளைக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து மனைவியிடம் கொடுத்து, "வெள்ளச் சீலையில கட்டி வை" என்று சொல்லிவிட்டு, தராசு கேட்பதற்காகச் செல்லத்தம்பி பத்தரிடம் போனார். பத்தர் தமிழ்ப் பகுதியில் நகை வேலை செய்பவர். அவருடைய தங்கத் தராசை ஊரில் யாரும் சந்தேகிப்பதில்லை.

(பத்தரையும் சந்தித்துக் கேட்டிருக்கவேண்டும். இரண்டு பகுதிக்கும் இடையில் கலவரமாக இருக்கிற இப்போதைய நிலைமையில் நான் அந்தத் தெருவுக்குப் போவதும் சுகமில்லை, அவர் இங்கே வருவதும் சுகமில்லை. ஆகவே இக்கதையில் பத்தர் வாய் திறக்கமாட்டார்.)

ஹாஜறா பொதியை அவிழ்த்துப் பார்த்தார். பச்சையும் கறுப்புமாக, ஊத்தை பிடித்த சாமான்கள். இவற்றையா நாளைக்கு மரைக்காயர்மார் முன்னால் வைக்கப்போகிறார்கள்? கலியாணம் என்றால், பெருநாள் என்றால், நாலு பேர் வருகிறார்கள் என்றால், எங்கள் பெண்கள் செய்யும் முதல் வேலை வெற்றிலை வட்டாவையும் எச்சில் படிக்கத்தையும் விளக்கி வைப்பதுதான். பித்தளை மங்கிக் கிடந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் பேச்சு. இவர்களுக்குப் பழம்புளி, சாம்பல், தேங்காய்த் தும்பு மூன்றும் இருந்தால் எந்தச் சாமானும் புதுச் சாமான்.

"சபைக்குப் போற சாமான் தம்பி. என்ட புருசன்ட மானம் அதுல இரிக்கி. ஊத்தயோட அனுப்ப ஏலுமா?"

வெயிலில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் தேய்த்தார். பச்சை கரைந்து மஞ்சள் வந்தது. சிலவற்றின் அடியில் ஒரு குழிக்குள் சாம்பல் நிறத்தில் ஊத்தை இறுகிக் கிடந்தது. தும்புக்கு வரவில்லை. கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் குத்தி, நோண்டி, சுத்தமாக எடுத்தார். கழுவித் துடைத்து, வெள்ளைச் சீலையில் கட்டி, ஒரு சொட்டு அத்தரும் தடவி வைத்தார். கணவரிடம் சொல்லவில்லை. அவர் அங்கே அவிழ்க்கும்போது கண்டு சந்தோஷப்படட்டும் என்று நினைத்தார்.

இந்தப் பகுதியை நான் பலமுறை திருத்தினேன். ஒரு பிரதியில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து ஊசியைத் தடுக்கிறாள். இன்னொன்றில் மழை வருகிறது. எழுதுகிறவனால் அந்தக் கையைப் பிடித்து நிறுத்த முடியாதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஹாஜறா ராத்தாவிடம் அந்தப் பிரதியை வாசித்துக் காட்டினேன். "மழ பெய்யல்ல" என்றார்.

6

பள்ளிவாசலின் பக்கத்து அறை. பாய் விரித்திருந்தது. மரைக்காயர்மார் ஒரு பக்கம், றஊபும் இன்னும் சிலரும் வாசலோரம், நடுவில் பத்தரின் தராசு. காலிதீன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முடிச்சை அவிழ்த்தார்.

பொன் மாதிரி மின்னின. அத்தர் மணத்தது.

காலிதீனுக்கு ஒரு கணம் இது வேறு யாருடைய பொதியோ என்றிருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பினார். ஈயம் இருந்த இடத்தில் குழி இருந்தது. குழியின் ஓரத்தில் ஊசி கீறிய புதுத் தடம். அவருக்கு விளங்கிவிட்டது. எல்லாமே அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

"நிறுங்க" என்றார் அப்துல் ஸமட் மரைக்காயர்.

பெரியது ஒரு தட்டில். அடுத்த அளவில் இரண்டு மறு தட்டில். பெரியது கீழே போனது. தட்டை மாற்றி வைத்தார்கள். அப்போதும் பெரியது கீழே போனது. சின்னவற்றை நிறுத்தார்கள், அவையும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. வாசலோரம் இருந்த ஒருவர் எட்டி ஒன்றை எடுத்து அடியைப் பார்த்தார்.

"அடியத் தோண்டியிரிக்கி மரைக்கார்."

படியின் அடியைத் தோண்டிப் பாரத்தைக் குறைப்பதுதான் கள்ளப்படி செய்கிறவன் வேலை. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். றஊப் தலையைக் குனிந்துகொண்டானாம். "அந்த எடத்துல எனக்கே அழுக வந்திச்சி சேர், அவர நான் மாட்டிட்டன் எண்டு."

மரைக்காயர் கேட்டார்: "காலிதீன், இதத் தோண்டின ஆரு?"

7

வாசகரே, இந்தக் கேள்விக்கு நான் எழுதிப் பார்த்த பதில்கள்:

(அ) "ஊட்டுல புளி போட்டு விளக்கியிரிக்காங்க மரைக்கார்" என்கிறார். சபை சிரிக்கிறது. எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். நல்ல முடிவு, பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. ஆண் கலியாணத்தன்று அங்கே போய்ச் சேருகிறவன். அவள் வீட்டில் உண்டு உறங்குகிறவன், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் பெயரை ஆண்கள் சபையில் இழுப்பது எப்படி? அதோடு, நம்புவார்களா? "பொஞ்சாதிட தலையில போடுறான்" என்று சொல்லமாட்டார்களா?

(ஆ) வீட்டுக்கு ஓடிப்போய், புளி கழுவிய தண்ணீர் ஊற்றிய இடத்தில் மண்ணைக் கிளறி, அந்த ஈயத் தூளைத் தேடி எடுத்துவந்து தட்டில் போட முள் நடுவுக்கு வருகிறது. எழுதும்போது எனக்கே புல்லரித்தது. காலையில் வாசித்தபோது வெட்கமாக இருந்தது.

(இ) காலிதீன் எழும்பி, கோபத்தில் பொதியைக் கடலில்—

இல்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

நடந்ததை றஊப் சொன்னான். காலிதீன் படியைப் பாயில் வைத்தார். "நான்தான்" என்றார். பிறகு, "ஜும்ஆவுல எழும்பி நிண்டு மன்னிப்புக் கேக்கன். ஆனா சாமானத் தர மாட்டன்" என்றார். எவ்வளவு சத்தம் போட்டும் அந்த இரண்டாவது வசனத்திலிருந்து அவரை இறக்க முடியவில்லையாம். கடைசியில், கடைக்குள் வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தார். மனைவி வாசலில் நின்றார்.

"எப்பிடி?"

"சரியா வந்திச்சி."

"விளக்கினத்தக் கண்டீங்களா?"

"கண்டன். எல்லாரும் பாத்தாங்க."

ஹாஜறா அன்றைக்கே இனிப்பாக வட்டிலப்பம் அவித்து அயல் வீடுகளுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலிதீன் எழும்பி நின்றார். சனிக்கிழமை றஊபின் மனைவி, வட்டிலப்பம் வந்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், "அடியத் தோண்டியிருந்தாமே ராத்தா" என்று கேட்டாள். அப்போதுதான் ஹாஜறாவின் கை தன் கொண்டைக்குப் போனது.

அவர் கணவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கணவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து வருடமாக, மனைவிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அவரும், தெரியாதவர் போல இவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். காலிதீன் இன்னும் சைக்கிளில் போய்ப் படிக்கல் தேடுகிறார். கிடைப்பதை வீட்டில் ஓலைப்பெட்டியில் வைக்கிறார். ஹாஜறா அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை. கடையில் வாங்கிய பொதியை அடுத்த கடையில் நிறுத்துப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

8

கதை எழுதி முடித்து ஹாஜறா ராத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்றேன். உங்களை ஆமினா என்று போடலாம், ஊரை அட்டாளைச்சேனை ஆக்கலாம், யாருக்கும் தெரியாது.

"ஏன் மாத்துற?"

"ஊர் கதைக்கும் ராத்தா. கலியாண ஊட்டுக்குப் போக ஏலாமப் போகும்."

"ஊர் அவரக் கதைக்குது. அஞ்சு வருசமாக் கதைக்குது. அது என்ட கையால வந்தது. ஹாஜறா எண்டே போடுங்க. கொண்ட ஊசி எண்டும் போடுங்க."

"நீங்களே அவரிட்டச் சொல்லலாமே" என்றாள் றம்ஸியா.

ஹாஜறா ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டார். பிறகு சொன்னார்:

"வாயெடுத்தா அழுதுருவன் புள்ள. நான் அழுதா அவர் இல்ல, நீ செய்யல்ல, நான்தான் எண்டு திரும்பவும் பொய் சொல்லுவார். எழுத்துல இருந்தா அப்பிடிச் சொல்ல ஏலாதே."

அப்போதுதான் இந்தக் கதை யாருக்காக என்று எனக்குத் தெரிந்தது. இதுவரை "வாசகரே" என்று பொதுவாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மன்னிக்கவேண்டும். மற்றவர்கள் விரும்பினால் இங்கேயே மூடிவைக்கலாம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

காலிதீன் காக்கா, இந்தக் கதையோடு இதழ் அச்சாகி வந்ததும் நானே கொண்டுவந்து உங்கள் கடை மேசையில் வைப்பேன். சீனி சுற்ற எடுத்துவிடாதீர்கள். நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். மூன்றாம் பகுதியில் பிழை இருந்தால் திருத்திச் சொல்லுங்கள்.

ராத்தாவுக்குத் தெரியும். வட்டிலப்பப் பாத்திரம் திரும்பி வந்த நாளிலிருந்து தெரியும். நீங்கள் சபையில் நான்தான் என்று சொன்ன நாளை நினைத்து அவர் எத்தனை தடவை அழுதார் என்பதை நான் எழுதவில்லை, அவர் எழுதக்கூடாது என்றார். எழுதச் சொன்னது இதுதான்: நீங்கள் இதை வாசித்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள், அவர் தன் வீட்டுக்கு அப்துல் ஸமட் மரைக்காயரையும் மற்ற மரைக்காயர்மாரையும் கூப்பிடப் போகிறார். றஊபையும் கூப்பிடுவார். திரைக்குப் பின்னால் இருந்து தன் வாயாலேயே சொல்லப்போகிறார். நீங்கள் ஓம் என்றாலும் சொல்வார், இல்லை என்றாலும் சொல்வார். என்னிடம் யோசனை கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கவில்லை.

அந்த நேரம் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியாது. கடையில் இருக்கலாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமுனைப் பக்கம் போய்விடலாம். அல்லது அந்த அறையில், மரைக்காயர்மார் பக்கம் இல்லாமல், திரையோடு ஒட்டி அவருக்குக் கிட்ட உட்கார்ந்திருக்கலாம். ஒரு வசனம் தொடங்கிப் பார்த்தேன்:

"காலிதீன் இதழை மூடிவிட்டுக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக"

இதற்கு மேல் எழுதும் உரிமை எனக்கில்லை. வீட்டில் ராத்தா உங்களுக்குச் சோறு போட்டு மூடி வைத்திருக்கிறார்.